அந்நியக் கரை நண்டின் எல்லையை வகுக்கும் இரைகௌவிகள்

இலங்கையின் வன்னிக் கரையோரக் களப்புகளான நந்திக்கடலிலும் நாயாற்றிலும் கொக்கிளாயிலும் தொழில் செய்பவர்களுக்கு, ஒரே களப்புக்குள் ஒவ்வொரு நண்டுக்கும் ஒவ்வோர் இடம் உண்டு என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்டல் வேர்களுக்கிடையில் உள்ள களிமண்ணில் சேற்று நண்டு வளை தோண்டி இருக்கும். களப்பு கடலோடு சேரும் தொடுவாய்க்கு அண்மையில், மணலும் சாதாழையும் உள்ள உவர் நீரில் நீலக்கால் நண்டு வலையில் படும். கரையோரத்தின் ஈர மண்ணில் சின்னஞ்சிறு நண்டுகள் ஓடித் திரியும். இந்தப் பங்கீட்டுக்குக் காரணம் என்னவென்று கேட்டால், உப்பு, வெப்பம், அடித்தரை என்று நீரோடு தொடர்புடைய காரணங்களே பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கும். அந்தப் பதில் பிழையன்று. ஆனால் அது பாதிப் பதில்தான். ஓர் உயிரினம் எங்கே வாழ முடியும் என்பதை நீர் தீர்மானிக்கிறது. அவ்வாறு வாழக்கூடிய இடங்களுள் எங்கே உண்மையில் வாழ்கிறது என்பதை, அதைப் பிடித்துத் தின்னும் இரைகௌவிகள் பெருமளவில் தீர்மானிக்கின்றன.

இதை உள்நாட்டு நண்டுகளை மட்டும் பார்த்து நிறுவுவது கடினம். அவற்றுக்கும் அவற்றைத் தின்பவற்றுக்கும் இடையிலான கணக்கு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தீர்க்கப்பட்டுவிட்டது. நாம் காண்பது முடிவை மட்டுமே. வேறொரு கடலிலிருந்து மனிதரால் கொண்டுவரப்பட்ட நண்டின் நிலை அப்படியல்ல. அது எந்த ஆண்டில் எந்தக் கரையில் முதலில் காணப்பட்டது என்பது பதிவாகியிருக்கிறது. எங்கே பெருகியது, எங்கே தயங்கியது, எங்கே நுழையவே முடியாமல் போனது என்பதை ஆண்டாண்டாகப் பின்தொடரலாம். எல்லை வகுக்கப்படும்போதே அதைப் பார்க்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கிறது. அதனால், வன்னிக் களப்புகளைப் பற்றி யோசிப்பவர்களும் சற்றுத் தொலைவான குளிர்கடல்களின் கதையைக் கேட்பது பயனுடையது என்று நினைக்கிறேன்.

அந்தக் கதையின் முதன்மைப் பாத்திரம் ஐரோப்பியப் பச்சை நண்டு. ஐரோப்பாவினதும் வட ஆபிரிக்காவினதும் அத்திலாந்திக் கரைகளே இதன் தாயகம். வளர்ந்த நண்டின் ஓடு அகலவாக்கில் ஒன்பது அல்லது பத்துச் சென்ரிமீற்றர் வரை வரும். உறைநிலையை அண்டிய குளிரையும் கோடை வெப்பத்தையும் தாங்கும். கடல்நீரின் உப்பில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே உள்ள நீரிலும் உயிர்வாழும். ஒரு பெண் நண்டு ஒரு தடவையில் 185,000 வரையான முட்டைகளைச் சுமக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிகள் பல வாரங்கள் நீரோட்டத்தோடு மிதந்து செல்வதால், ஓரிடத்தில் காலூன்றிய கூட்டம் அடுத்த குடாவுக்குப் போய்ச் சேர அதிக காலம் எடுப்பதில்லை. மரக்கப்பல்களின் அடிப்பாகத்திலும், கப்பல்களைச் சமநிலைப்படுத்த ஏற்றப்பட்ட கற்களிலும் நீரிலும், உயிருள்ள கடலுணவைப் பொதிசெய்யும் பாசிகளிலும் ஒளிந்து இது உலகைச் சுற்றியது. 1817இல் தோமஸ் சே என்ற இயற்கையியலாளர் இதை ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பதிவு செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அவுஸ்திரேலியாவையும், 1983இல் தென்னாபிரிக்காவையும், 1989ஐ அண்டி சான் பிரான்சிஸ்கோ குடாவையும் எட்டியது. 2022இல் அலாஸ்காவின் அனெட் தீவுக் கரையில் அதன் வெற்றோடுகள் ஒதுங்கிக் கிடந்தன. மட்டிகளையும் சிப்பிகளையும் அது தின்று தீர்ப்பதால், போன இடமெல்லாம் மட்டி பொறுக்கி வாழ்பவர்களின் வருமானம் குறைந்தது. 1950களில் அமெரிக்காவின் மெயின் மாநிலத்து மட்டித் தொழில் கண்ட வீழ்ச்சியில் இந்த நண்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

இத்தனை தாங்குதிறன் உள்ள உயிரினம், அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருநூறு ஆண்டுகளில் இன்னும் தெற்கே போயிருக்க வேண்டும். வடக்கே நியூபவுண்ட்லாந்து வரை சென்ற அது, தெற்கே செசப்பீக் குடாவின் அயலோடு நின்றுவிட்டது. அந்தக் குடாவின் வெப்பமும் உப்பும் அதைத் தடுக்கக்கூடியவையல்ல. அங்கே நிறைந்திருப்பது அமெரிக்க நீல நண்டு. நம்முடைய நீலக்கால் நண்டின் குடும்பத்தைச் சேர்ந்ததும், துடுப்புப் போன்ற பின்னங்கால்களால் வேகமாக நீந்துவதும், தன்னிலும் சிறிய எந்த நண்டையும் விட்டுவைக்காததுமான ஓர் இரைகௌவி அது. கேத்தரின் டிரிவேராவும் அவரது சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தொடர்பைச் சோதித்தது. நீல நண்டு மிகுந்த இடங்களில் பச்சை நண்டு அரிதாகவும், நீல நண்டு குறைந்த இடங்களில் பச்சை நண்டு ஏராளமாகவும் இருப்பதை அவர்கள் கண்டார்கள்.

எண்ணிக்கைகள் எதிரெதிராக இருப்பது மட்டும் காரணத்தைக் காட்டிவிடாது. ஒன்று மற்றொன்றைத் தின்கிறதா, அல்லது இரண்டும் வெவ்வேறு வகையான நீரை விரும்புகின்றனவா என்ற ஐயம் எஞ்சியிருக்கும். அதைத் தீர்க்கக் கடலியலாளர் கையாளும் முறை எளிமையானது. பச்சை நண்டின் முதுகோட்டைத் துடைத்து உலர்த்தி, நைலோன் நரம்பின் ஒரு நுனியை அதில் பசையால் ஒட்டுவார்கள். மறுநுனியை ஒரு முளையில் கட்டி அடித்தரையில் ஊன்றுவார்கள். நண்டு நரம்பின் நீளத்துக்குள் நடமாடும், மண்ணில் புதையும், ஆனால் ஓடித் தப்ப முடியாது. அடுத்த நாள் போய்ப் பார்த்தால், சில நரம்புகளின் நுனியில் நண்டு உயிரோடு இருக்கும். சிலவற்றில் பசை பிடித்த இடத்தில் நகத்தளவு ஓட்டுத் துண்டு மட்டும், விளிம்புகள் நொறுங்கியபடி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நொறுங்கிய விளிம்பு, வலிய கொடுக்கு ஒன்று அதை உடைத்ததற்கான அடையாளம். கட்டப்பட்ட நண்டு தப்ப முடியாதென்பதால், இயல்பாக எத்தனை நண்டுகள் தின்னப்படுகின்றன என்பதை இந்த முறை சொல்லாது. ஓரிடத்தின் ஆபத்தை இன்னோர் இடத்தின் ஆபத்தோடு ஒப்பிட மட்டுமே அது உதவும். அந்த ஒப்பீட்டில், நீல நண்டு பெருகப் பெருகப் பச்சை நண்டின் இழப்பும் கூடியது தெளிவாகத் தெரிந்தது. வடக்கே குளிர் மிகுந்த மெயின் கரைகளில் நீல நண்டு மிக அரிது; அங்கேதான் பச்சை நண்டு கட்டின்றிப் பெருகியது. கடல் சூடாகி நீல நண்டு வடக்கு நோக்கி நகர்ந்தால் இந்த எல்லையும் அதனுடன் நகரக்கூடும்.

பசுபிக் கரையின் கதை எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அது நம் களப்புகளின் இயல்புக்கு நெருக்கமானது. ஒரிகன் மாநிலத்தின் யக்கீனா குடாவில், பச்சை நண்டு கடல்வாய்ப் பக்கத்தில் அரிதாகவும், ஆற்றுநீர் கலக்கும் உட்பகுதியில் மிகுதியாகவும் அகப்பட்டது. கடல்வாயில் வாழ்வது செம்பாறை நண்டு. தடித்த ஓடும், கரிய நுனிகளோடு கூடிய பெருங்கொடுக்குகளும் உடைய அது, பச்சை நண்டின் ஓட்டை எளிதில் நொறுக்கிவிடும். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. சுற்றியுள்ள நீரில் உப்புக் குறையும்போது, தன் உடலின் உப்பைக் காத்துக்கொள்ளும் ஆற்றல் அதனிடம் இல்லை. ஆகவே ஆற்றுநீர் கலக்கும் பகுதிக்குள் அது போக முடியாது. பச்சை நண்டோ உவர் குறைந்த நீரையும் தாங்கும். எனவே, தன்னைத் தின்பது நுழைய முடியாத நீரே அதன் புகலிடமாகிறது. உட்பகுதியில் பொறிவைத்து ஏராளமாகப் பிடித்த ஒருவர், இந்த நண்டு உப்புக் குறைந்த நீரைத்தான் விரும்புகிறது என்று முடிவு கட்டியிருப்பார். அது விரும்பிச் சென்ற இடமன்று, ஒதுக்கப்பட்ட இடம். ஓர் உயிரினம் மிகுதியாகக் காணப்படும் இடமே அதற்கு மிக உகந்த இடம் என்று கொள்வது எத்தனை இலகுவான தவறு என்பதை இது காட்டுகிறது.

வன்னியின் களப்புகளில் இதைப் பொருத்திப் பார்க்கும்போது, உப்பின் பங்கு இன்னும் பெரிதாகத் தெரியும். இலங்கையைச் சுற்றியுள்ள கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் மேற்குலகின் நூல்கள் விவரிக்கும் அகன்ற வற்றுப்பெருக்கு வலயம் இங்கே இல்லை. அதற்குப் பதிலாக இங்கே இருப்பது பருவம். மாரியில் குளங்கள் வான்பாய்ந்து, ஆறுகள் பெருகி, தொடுவாய் உடையும்போது அல்லது வெட்டப்படும்போது, களப்பு நீர் நன்னீருக்கு நெருங்கிவிடும். கோடையில் மணல் திட்டுத் தொடுவாயை மூட, வெயிலில் நீர் வற்றி, கடலைவிடக் கூடிய உப்பாகி, ஓரங்களில் உப்புப் பூக்கும். ஆகவே நம் களப்புகளில் இரைகௌவி நுழைய முடியாத புகலிடம் என்பது வரைபடத்தில் நிலையாகக் குறிக்கக்கூடிய ஓர் இடமன்று. ஆண்டின் மாதங்களோடு அது தோன்றி மறையும். தொடுவாய் திறந்திருக்கும்போது கொடுவாவும் களவாயும் திருக்கையும் உள்ளே வரும். அது மூடிக்கிடக்கும் மாதங்களில், உள்ளே அகப்பட்ட மீன்கள் பிடிபட்டுத் தீர்ந்த பின், சிறு நண்டுகளுக்கு அச்சம் குறைந்த காலம். தொடுவாயை எப்போது வெட்டுவது என்பதை நாம் வழக்கமாக வயல் வெள்ளத்தையும் இறால் வரவையும் வைத்தே பேசுகிறோம். களப்புக்குள் யார் யாரைத் தின்பது என்ற கணக்கும் அந்த முடிவோடு சேர்ந்தே மாறுகிறது.

ஆசியக் கரை நண்டின் வரலாறு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. ரஷ்யாவின் சகாலின் முதல் சீனக் கரை வரை பரந்திருக்கும், நான்கு சென்ரிமீற்றர் அளவேயான இந்தச் சிறு நண்டு, 1988இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் முதன்முதலாகக் கண்டெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் நியூ இங்கிலாந்துக் கற்கரைகளில் கல்லைப் புரட்டிய இடமெல்லாம் அதுவே நிறைந்திருந்தது. முன்பு அதே கற்களின் கீழ் வாழ்ந்தது பச்சை நண்டு. புதிய நண்டு பச்சை நண்டின் குஞ்சுகளைத் தின்றது; கற்களின் கீழான ஒதுக்கிடங்களிலிருந்து அவற்றை வெளியே தள்ளியது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆக்கிரமிப்பாளனாக இருந்த பச்சை நண்டு, பல கற்கரைகளில் இன்னோர் அந்நிய நண்டினால் இடம் இழந்தது.

கரையோரம் என்பது இரண்டு வகைப் பசிக்கு இடைப்பட்ட இடம். நீர் ஏறும்போது மீன்களும் பெரிய நண்டுகளும் அதனோடு வரும். நீர் வற்றும்போது கடற்காகங்களும் நாரைகளும் நடந்து வரும். கல்லுக்கடியிலோ வேருக்கடியிலோ ஒதுங்கத் தெரிந்த சிறிய உடல், இரண்டிலிருந்தும் தப்பும். பெரிய உடலுக்கு அந்த இடுக்கு போதாது. ஓடு கழற்றிய நாட்களில் எந்த நண்டும் மென்மையாக, தற்காப்பின்றி இருப்பதால், அந்தச் சில நாட்களுக்கான ஒதுக்கிடம் கிடைப்பதே அது அங்கு நிலைக்குமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கலாம். தின்னப்படுவது மட்டுமல்ல, தின்னப்படும் அச்சமும் வேலை செய்கிறது. இரைகௌவியின் மணம் நீரில் கலந்தாலே நண்டுகள் மேய்வதைக் குறைத்து ஒடுங்கிக்கொள்கின்றன. அதனால் அவை தின்னும் மட்டிகளும் சிப்பிகளும் தப்புகின்றன.

மன்னார்க் கரைகளுக்கு வரும் கறுப்பு வெள்ளைக் கரைப்பறவை ஒன்று, தடித்த அலகால் நண்டைக் குத்திப் பிளந்து தின்பதையே முதன்மைத் தொழிலாகக் கொண்டது. சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்து, 2015இல் தேசியப் பூங்காவானது. அங்கே மாரிக்காலத்தில் இறங்கும் நீண்ட வளைந்த அலகுடைய வலசைப் பறவைகளுக்கும் நண்டு முக்கிய உணவு. பறவைகளை அழகுக்காகவும் சுற்றுலாவுக்காகவும் காப்பதாகப் பேசுகிறோம். கரையின் உயிர்ச்சமநிலையில் அவை செய்யும் வேலைக்காகவும் அவற்றைக் காக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரைகௌவி திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கலிபோர்னியாவின் எல்க்ஹோர்ன் சேற்றுக்கழி சான்று. தோலுக்காக வேட்டையாடப்பட்டு ஏறத்தாழ அற்றுப்போன கடல் நீர்நாய், சட்டப் பாதுகாப்பின் பின் மெல்ல மீண்டு, இந்தக் கழிக்குள் குடியேறியது. இன்று அங்கே ஏறத்தாழ 120 நீர்நாய்கள் வாழ்கின்றன. அவை ஆண்டொன்றுக்கு 50,000 முதல் 120,000 வரையான பச்சை நண்டுகளைத் தின்கின்றன என்று 2024இன் இறுதியில் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. முன்பு பொறிகளில் குவிந்த பச்சை நண்டு, இப்போது அந்தக் கழியில் குறைந்த எண்ணிக்கையில் மட்டுமே உள்ளது. பொறிகளுக்கும் கூலிக்கும் பணம் செலவிட்டு மனிதர் செய்ய முயன்றதை, வாழ இடம் பெற்ற ஒரு விலங்கு தன் பசியால் செய்துவிட்டது.

மனிதர் தாமே இரைகௌவியின் இடத்தை எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். அதற்கும் கலிபோர்னியாவிலேயே ஒரு விடை உண்டு. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள சீட்ரிப்ட் என்ற சிறிய, மூடிய களப்பில், 2009 முதல் ஆய்வாளரும் தொண்டர்களும் பொறிவைத்துப் பச்சை நண்டை வாரி அகற்றினார்கள். ஏறத்தாழ 125,000ஆக இருந்த தொகை, 2013இல் 10,000க்கும் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டிலேயே அது 300,000 அளவுக்குப் பொங்கியது. பொறிகளில் அகப்பட்டவை பெரிய நண்டுகள். அந்தப் பெரிய நண்டுகளே தம் இனத்துக் குஞ்சுகளைத் தின்று எண்ணிக்கையை அடக்கி வைத்திருந்தன. அவற்றை அகற்றியதும் அந்த ஆண்டின் குஞ்சுகள் அனைத்தும் தப்பி வளர்ந்துவிட்டன. 2021இல் ஆய்வாக வெளியான இந்த அனுபவத்தின் பின், முற்றாக ஒழிக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, சேதம் பொறுக்கக்கூடிய அளவில் தொகையை வைத்திருப்பதே நோக்கமாயிற்று. எந்த வயதினரை யார் தின்கிறார்கள் என்று அறியாமல் கைவைத்தால், அடக்க முயன்றதையே பெருக்கிவிடலாம்.

ஓர் இடத்தில் காவலாக இருக்கும் விலங்கு எல்லா இடத்திலும் காவலாக இராது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். செசப்பீக்கில் பச்சை நண்டைத் தடுத்து நிறுத்தும் அதே நீல நண்டு, மத்தியதரைக் கடலில் தானே ஆக்கிரமிப்பு இனம். 2023இல் இத்தாலியின் போ ஆற்றுக் கழிமுகத்தில் மட்டி வளர்ப்பை அது நிலைகுலையச் செய்தது. அதுபோலவே, ஐரோப்பாவில் பச்சை நண்டை மலடாக்கும் ஒட்டுண்ணி ஒன்று உண்டு. புதிய கடல்களுக்குக் கப்பலேறிய நண்டுகள் அதை விட்டுத் தப்பியதால் அங்கே பெரிதாக வளர்கின்றன. அந்த ஒட்டுண்ணியையே கொண்டுபோய் விடலாமா என்ற யோசனை, அது உள்நாட்டு நண்டுகளையும் தொற்றக்கூடும் என்ற நியாயமான அச்சத்தால் தடைப்பட்டு நிற்கிறது. ஆகவே இரைகௌவியை வெளியிலிருந்து இறக்குமதி செய்வது தீர்வாகாது. ஏற்கனவே அந்த நீரில் இருப்பவற்றின் வலிமையே கணக்கில் வரும்.

பச்சை நண்டு குளிர்கடல் உயிரினம். முட்டை வளரக் குளிர்ந்த நீர் வேண்டும். எனவே அது முல்லைத்தீவுக் கரையில் குடியேறும் என்று அஞ்சக் காரணமில்லை. ஆனால் வெப்பக்கடல்களிலிருந்து வெப்பக்கடல்களுக்குக் கப்பல்கள் நாள்தோறும் போகின்றன. கப்பல்களின் சமநிலை நீரைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் எழுதப்பட்டு 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. கொழும்பிலோ திருகோணமலையிலோ இறங்கும் குடம்பி ஒன்று கரையோர நீரோட்டத்தில் வடக்கே வரமுடியாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அப்படி ஒன்று வந்தால், அதை முதலில் எதிர்கொள்ளப் போவது நம்முடைய சேற்று நண்டும் கொடுவாவும் நாரையும்தான்.

சேற்று நண்டின் வலிமையை நண்டு வாங்கும் வாடிகளில் காணலாம். பிடித்தவுடன் அதன் இரு கொடுக்குகளையும் மடக்கி, கயிற்றைக் குறுக்காக இரண்டு சுற்றுச் சுற்றி, முதுகுப்பக்கமாக இறுக்கி முடிச்சிடுவார்கள். விரலைக் காப்பது அதன் ஒரு நோக்கம். ஒரே கூடைக்குள் இருக்கும் நண்டுகள் ஒன்றையொன்று உடைத்துத் தின்னாமல் தடுப்பது மற்ற நோக்கம். மட்டியையும் நத்தையையும் சிறு நண்டையும் நொறுக்கும் அந்தக் கொடுக்கு, ஒரிகன் குடாவின் செம்பாறை நண்டு செய்யும் வேலையை இங்கே செய்யக்கூடியது. செம்பாறை நண்டுக்கு இல்லாத தகுதி ஒன்றும் அதற்கு உண்டு: மாரி வெள்ளத்தின் உப்புக் குறைந்த நீரையும் அது தாங்கும். அதாவது, அந்நிய நண்டு ஒன்று ஒதுங்கக்கூடிய நன்னீர்ப் பக்கத்துப் புகலிடத்துக்குள்ளும் அது பின்தொடர்ந்து போகும்.

ஆனால் சந்தையில் விலைபோவது பெரிய சேற்று நண்டே. கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்ப எடைகூடிய நண்டையே கேட்கிறார்கள். அதனால் களப்பிலிருந்து முதலில் குறைவது, எதிரியின் ஓட்டை உடைக்கக்கூடிய பெருங்கொடுக்குள்ள முதிர்ந்த நண்டுகள். கண்டல் வெட்டப்பட்ட இடங்களில் அவற்றின் வளைகளும் போய்விடுகின்றன. தடைசெய்யப்பட்ட சிறுகண் வலைகளில் கொடுவாக் குஞ்சுகள் கொத்தாக அள்ளப்படுகின்றன. இதற்காகத் தொழிலாளரைக் குறைசொல்ல என்னால் முடியாது. இடப்பெயர்வுகளுக்குப் பின் வள்ளமும் வலையும் கடன்பட்டு வாங்கியவர்களுக்கு அன்றாடப் பிடியே வாழ்வு. அதனால்தான் சினை நண்டையும் சிறு நண்டையும் திருப்பி விடும் வழக்கம், கடற்றொழிலாளர் சங்கங்களின் சொந்தத் தீர்மானமாகவும், விடப்பட்ட நண்டுக்கு வாங்குவோர் ஏதேனும் ஈடு செய்யும் ஏற்பாடாகவும் அமைய வேண்டும் என்கிறேன். பெண் சேற்று நண்டு முட்டையிடுவதற்காகத் தொடுவாய் வழியே ஆழ்கடலுக்குப் போகிறது. அந்த வழியில் அதை மறித்துக் கட்டப்படும் வலை, அடுத்த ஆண்டின் பிடியையும் களப்பின் காவலையும் ஒன்றாகவே எடுத்துவிடுகிறது. தொடுவாய்களின் இருமருங்கிலும் சில நூறு மீற்றர் தூரத்தை, நண்டு கடலுக்கு இறங்கும் மாதங்களில் மட்டும் வலையின்றி விடுவது, இன்றே சங்கக் கூட்டமொன்றில் எடுக்கக்கூடிய முடிவு.